காலித் தோட்டாவுக்கு என்ன விலை?

அன்று எண்ணிக்கையில் ஒன்று குறைந்தது. சுடுதளத்தில் எல்லாரும் சுட்டு முடித்தாகிவிட்டது. தரையில் சிதறிக் கிடந்த பித்தளை உறைகளைப் பொறுக்கி, பத்துப் பத்தாக அடுக்கி எண்ணியபோது ஓர் உறையைக் காணவில்லை. தேசிய சேவை முடித்தவர்களுக்கு அடுத்து என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. வரிசையாக மண்டியிட்டு, லாலாங் புல்லைக் கையால் விலக்கிக்கொண்டு அங்குலம் அங்குலமாக நகர்ந்தோம். இருட்டத் தொடங்கிய வேளையில் அது எங்களில் ஒருவனுடைய இடுப்புப் பைக்குள்ளேயே கிடைத்தது. துப்பாக்கியிலிருந்து தெறித்தது நேராக உள்ளே போய் விழுந்திருக்கிறது. அதன் பிறகும், தன்னிடம் தோட்டாவும் இல்லை, காலி உறையும் இல்லை என்று ஒவ்வொருவரும் அதிகாரி முன் உரக்கச் சொன்ன பிறகுதான் லாரியில் ஏற முடிந்தது.

ஆறு கிராம் பித்தளை. இதற்கா இந்தப் பாடு என்று அன்று உள்ளுக்குள் புலம்பினேன்.

பல ஆண்டுகள் கழித்து, அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் ஒரு வீட்டுக் கார் கொட்டகையில் நின்றபோது அந்த நாள் நினைவுக்கு வந்தது. என் பெரியம்மா மகன் அங்கே பாய்சி நகரில் ஒரு சில்லுத் தொழிற்சாலையில் பொறியாளர். சிங்கப்பூரிலிருந்து இரண்டு ஆண்டு வேலைக்காகப் போனவர், ஆறாண்டுகளாக அங்கேயே இருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற பள்ளிப் பேருந்து ஓட்டுநர். இலையுதிர் காலம் வந்தால் மலைக்குப் போய் எல்க் மான் வேட்டையாடுபவர். "அண்ணே, இவர் கொட்டகையில் அப்படி என்னதான் செய்கிறார்?" என்று நான் கேட்டதற்கு, "வா, காட்டுகிறேன்" என்று அழைத்துப் போனார்.

மேசையில் இரும்பு நெம்புகோல் பொருத்திய சிறிய அழுத்தி ஒன்று. ஒரு தராசு. ஒரு நோட்டுப் புத்தகம். கீழே ஒரு பிளாஸ்டிக் வாளி நிறையக் காலித் தோட்டா உறைகள். சுடுதளத்தில் நாங்கள் தேடிய உறையைப் போல இரண்டரை மடங்கு எடை. பெரியவர் அதில் ஒன்றை எடுத்துத் துடைத்து என் உள்ளங்கையில் வைத்தார். .300 வின்செஸ்டர் மேக்னம் என்ற ரகம். "இது என்ன விலை இருக்கும்?" என்று கேட்டார். பத்துக் காசு என்றேன். அவர் சிரித்தார்.

உலோகம் பத்துக் காசு, உறை இரண்டு டாலர்

என் கணக்கு ஒரு வகையில் சரிதான். அந்த உறையின் எடை ஏறக்குறைய 15 கிராம். துப்பாக்கித் தோட்டாவுக்கான பித்தளையில் 70 விழுக்காடு செம்பு, 30 விழுக்காடு துத்தநாகம். அண்மை ஆண்டுகளில் உலகச் சந்தையில் ஒரு டன் செம்பு 8,000 முதல் 10,000 அமெரிக்க டாலருக்கு மேலும் விற்றிருக்கிறது. துத்தநாகம் அதைவிட வெகு மலிவு. பெருக்கிப் பார்த்தால் அந்த உறையில் இருக்கும் உலோகம் 10 முதல் 15 அமெரிக்கக் காசுதான் பெறும்.

ஆனால் அமெரிக்கக் கடையில் அதே உறையைப் புதிதாக, காலியாக வாங்கினால் ஒன்றுக்கு ஏறக்குறைய ஒன்றரை முதல் இரண்டு டாலர். பின்லாந்தின் லாபுவா, சுவீடனின் நோர்மா போன்ற நிறுவனங்களின் தயாரிப்பு என்றால் இன்னும் கூடுதல். நெடுந்தூரச் சுடுதலுக்குப் பயன்படும் .338 லாபுவா மேக்னம் என்ற பெரிய ரகத்தில் ஓர் உறை மூன்று நான்கு டாலர்கூட ஆகும். காலி உறைக்குத்தான் இந்த விலை. உள்ளே மருந்தும் இல்லை, குண்டும் இல்லை.

மீதிப் பணம் எங்கே போகிறது? வேலைக்குப் போகிறது. பித்தளைத் தகட்டிலிருந்து வட்டமாக ஒரு வில்லை வெட்டப்படுகிறது. அதைக் குழித்துக் கிண்ணமாக்குகிறார்கள். பிறகு அச்சுக்குள் செலுத்தி இழுக்கிறார்கள். கிண்ணம் நீண்டு குழாயாகிறது. ஒரே இழுப்பில் முடிவதில்லை. பித்தளையின் குணம் அப்படி. குடம் தட்டும் கன்னார்களைக் கேட்டால் சொல்வார்கள்: அடிக்க அடிக்க அது இறுகும், இறுகியதை மேலும் அடித்தால் வெடிக்கும், தணலில் வாட்டினால்தான் மறுபடி இளகும். தொழிற்சாலையிலும் அதே கதைதான். ஓர் இழுப்பு, உலையில் ஒரு வாட்டல், அமிலத்தில் ஒரு கழுவல், மறுபடி இழுப்பு. கடைசியில் அடிப்பாகத்தை நசுக்கித் தடிமனாக்கி, கடைந்து, வாய்ப்பக்கத்தைக் குறுக்கி, கழுத்தை மட்டும் தீயில் காட்டி எடுக்கிறார்கள். ராணுவத் தோட்டாக்களின் கழுத்தில் நீலமும் ஊதாவும் கலந்த ஒரு கறை தெரியும். அந்தக் கடைசித் தீயின் தடம்தான் அது. கடையில் விற்பதை மெருகேற்றி அந்தக் கறையை அகற்றிவிடுவார்கள்.

சாதாரண ரக உறைகளுக்கும் இதே வேலைதான். பிறகு ஏன் மேக்னம் மட்டும் இவ்வளவு விலை? எடை ஒரு காரணம், ஆனால் சிறிய காரணம். பெரிய காரணம் எண்ணிக்கை. ராணுவமும் காவல்துறையும் பொதுமக்களும் பயன்படுத்தும் சிறிய ரகங்களுக்கு இயந்திரங்கள் இரவு பகலாக ஓடுகின்றன. மேக்னம் உறைக்கு அச்சுகளை மாற்றி, சில வாரம் ஓட்டி, மறுபடி பழைய ரகத்துக்குப் போய்விடுவார்கள். தீபாவளிக்கு மட்டும் முறுக்குப் பிழிகிறவர் விலைக்கும் தினமும் பிழிகிறவர் விலைக்கும் உள்ள வித்தியாசம்தான்.

மேக்னம் என்பதே முதலில் துப்பாக்கிச் சொல் அல்ல என்பதை இங்கே சொல்லிவிடலாம். வழக்கமான அளவைப் போல இரண்டு மடங்கு கொள்ளும் பெரிய மதுப் புட்டிக்கு அந்தப் பெயர். கூடுதல் மருந்து அடைத்த தோட்டாவுக்கு அதைச் சூட்டிவிட்டார்கள்.

திரும்பி வரும் ஒரே பாகம்

ஒரு தோட்டாவில் நான்கு பாகங்கள். முனையில் குண்டு. உள்ளே வெடிமருந்து. அடியில் தீப்பொறி எழுப்பும் பிரைமர் என்ற சிறு மூடி. இவை மூன்றையும் சேர்த்துப் பிடித்திருக்கும் பித்தளை உறை. விசையை இழுத்ததும் குண்டு போய்விடும். மருந்து எரிந்துவிடும். பிரைமர் பயனற்றுப் போகும். உறை மட்டும் திரும்பி வரும்.

நம் வீட்டு எரிவாயுத் தோம்பைப் போலத்தான். வாயு தீர்ந்ததும் தோம்பைத் தூக்கி எறிவதில்லை, நிரப்பிக்கொள்கிறோம். அமெரிக்காவில் பல லட்சம் பேர் இந்த உறைகளை வீட்டிலேயே மறுபடி நிரப்புகிறார்கள். சொந்த உபயோகத்துக்கு என்றால் அந்நாட்டு மத்திய சட்டத்தில் உரிமம் தேவையில்லை. விற்பதற்கு நிரப்பினால்தான் உரிமம் வேண்டும்.

பெரியவர் நோட்டைத் திறந்து கணக்கைக் காட்டினார். அவர் சொன்ன எண்களைச் சற்று உருட்டித் தருகிறேன். விலை கடைக்குக் கடை மாறும். குண்டு 60 காசு. மருந்து 50 காசு. மேக்னம் மருந்தை விழுங்கும், ஒரு பவுண்டு டப்பா நூறு தோட்டாவுக்குக்கூட வராது. பிரைமர் 10 காசு. ஆக, ஒரு டாலர் 20 காசு. இதனுடன் புதிய உறை ஒரு டாலர் 80 காசைச் சேர்த்தால் மூன்று டாலர். கடையில் நிரப்பி விற்கும் தோட்டாவே ஏறக்குறைய அந்த விலைக்குக் கிடைக்கிறது!

அதாவது உறையை ஒருமுறை மட்டும் பயன்படுத்துகிறவருக்கு ஒரு காசுகூட மிச்சமில்லை. மாலை முழுவதும் கொட்டகையில் உட்கார்ந்ததுதான் மிச்சம். அதே உறையை ஆறு முறை பயன்படுத்தினால் ஒரு முறைக்கு 30 காசு ஆகிறது. தோட்டா ஒன்றரை டாலருக்கு முடிந்துவிடுகிறது. பாதி விலை. இந்தப் பொழுதுபோக்கின் பொருளாதாரம் முழுவதும் அந்த ஒரு எண்ணில்தான் நிற்கிறது: உறை எத்தனை முறை தாங்கும்?

மேக்னம் சுடுகிறவர்களுக்குத் தலைவலி தொடங்குவதும் அங்கேதான். சாதாரண ரக உறைகளைப் பத்து முறைக்கு மேலும் நிரப்புகிறார்கள். மேக்னம் உறை பலருக்கு நான்கைந்து முறையிலேயே போய்விடுகிறது. காரணம் தேடினால் 1912-க்குப் போக வேண்டியிருக்கிறது.

இடுப்புப் பட்டை

அந்த ஆண்டு லண்டனின் ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் நிறுவனம் .375 மேக்னம் என்ற தோட்டாவை வெளியிட்டது. ஆப்பிரிக்காவிலும் இந்தியாவிலும் பெரிய விலங்குகளை வேட்டையாடப் போன பிரபுக்களுக்கான சரக்கு. வெப்பத்தில் உறை துப்பாக்கிக்குள் சிக்கிக்கொண்டால், எதிரே நிற்கும் காட்டெருமை பொறுத்திருக்காது. எளிதாக உருவி வர வேண்டும் என்று உறையை மேல்நோக்கிக் குறுகும் வடிவில் செய்தார்கள். அப்படிச் செய்ததில் தோள் என்று சொல்லக்கூடிய பாகம் சரிவாகிப் போனது. தோள் இல்லாவிட்டால் தோட்டா துப்பாக்கி அறைக்குள் எவ்வளவு தூரம் போய் நிற்க வேண்டும் என்பதற்குத் தடை இல்லை. அதற்காக அடிப்பாகத்தைச் சுற்றி ஒரு பட்டையை உயர்த்திவிட்டார்கள். பட்டை முட்டும் இடத்தில் தோட்டா நிற்கும்.

நல்ல தீர்வு, அந்தத் தோட்டாவுக்கு. ஆனால் அது பெரும் புகழ் பெற்றுவிட, பட்டை என்றாலே மேக்னம், மேக்னம் என்றாலே பட்டை என்று ஆகிவிட்டது. 1962-ல் வந்த 7 மி.மீ. ரெமிங்டன் மேக்னத்துக்கும் 1963-ல் வந்த .300 வின்செஸ்டர் மேக்னத்துக்கும் தெளிவான தோள் உண்டு. பட்டை தேவையே இல்லை. இருந்தும் பட்டையோடுதான் பிறந்தன. பெரிய மனிதர் வீட்டுப் பழக்கம் என்று மற்றவர்களும் பிடித்துக்கொண்டது போல. இந்த நூற்றாண்டில் வந்த மேக்னம்கள் பலவற்றில் பட்டையைக் கைவிட்டிருக்கிறார்கள்.

பட்டையால் என்ன கெடுதல்? தோட்டா பட்டையில் நிற்பதால், அதற்கு முன்னால் உள்ள இடத்தைத் துப்பாக்கி செய்பவர்கள் தாராளமாக விட்டுவிடுகிறார்கள். சுட்டதும் உறை அந்த இடத்தை நிரப்ப நீள்கிறது. வீட்டில் மறுபடி நிரப்பும்போது அச்சில் அழுத்திப் பழைய அளவுக்குக் குறுக்குகிறோம். அடுத்த முறை மறுபடி நீள்கிறது. ஒரு கம்பியை முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருந்தால் என்ன ஆகும்? பட்டைக்குச் சற்று மேலே, உட்சுவர் ஒவ்வொரு முறையும் மெலிந்துகொண்டே வருகிறது. ஒரு நாள் அந்த இடத்தில் உறை இரண்டாகப் பிரிகிறது.

அது சாதாரண விஷயமல்ல. .300 வின்செஸ்டர் மேக்னத்துக்கு அமெரிக்கத் தொழில்துறை வகுத்திருக்கும் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 64,000 பவுண்டு. நம் கார் டயரில் 32 பவுண்டு காற்றடிக்கிறோம். அதைப் போல 2,000 மடங்கு, சுடுபவரின் கன்னத்திலிருந்து ஒரு சாண் தூரத்தில். அந்த வாயுவைப் பின்னால் வரவிடாமல் அடைத்து வைப்பதுதான் பித்தளை உறையின் உண்மையான வேலை. அழுத்தம் ஏறும்போது விரிந்து அறையின் சுவரோடு ஒட்டிக்கொள்கிறது. அழுத்தம் இறங்கியதும் இம்மியளவு சுருங்கி, உருவி எடுக்க விடுகிறது. விரியவும் வேண்டும், சுருங்கவும் வேண்டும். எஃகிலும் அலுமினியத்திலும் உறைகள் வருகின்றன, மலிவு, ஆனால் அவை பொதுவாக ஒருமுறைக்குத்தான். அமெரிக்க ராணுவம் 2022-ல் தேர்ந்தெடுத்த புதிய துப்பாக்கிக்கான தோட்டாவில், 80,000 பவுண்டு அழுத்தம் தாங்க அடிப்பாகத்தை மட்டும் எஃகில் செய்த உறையும் வந்திருக்கிறது. அங்கும் மேல்பாகம் பித்தளைதான்.

பெரியவர் ஒரு காகிதக் கவ்வியை நிமிர்த்தி, நுனியை மட்டும் கொக்கிபோல் வளைத்து வைத்திருந்தார். அதுதான் அவருடைய ஆய்வுக்கருவி. உறையின் வாய்வழியே விட்டு, உட்சுவரை அடியிலிருந்து மேலாக மெல்ல வருடினார். வழவழவென்று வந்தால் சரி. பட்டைக்கு மேலே நுனி ஒரு பள்ளத்தில் தடுக்கினால் அந்த உறையின் ஆயுள் முடிந்தது. என்னிடமும் கொடுத்தார். முதல் இரண்டு உறைகளில் ஒன்றும் தெரியவில்லை. மூன்றாவதில் தடுக்கியது. வெளியே பார்த்தால் அதே இடத்தில் மெல்லிய பளபளப்பான வளையம் ஒன்று. அவர் குறடை எடுத்து அதன் கழுத்தை நசுக்கினார், தவறிப்போய் மறுபடி வாளிக்குள் போய்விடக் கூடாது என்று. பிறகு பழைய பித்தளை டப்பாவில் போட்டார். நோட்டில் ஒரு கோடு.

"கஞ்சத்தனத்துக்கு எங்கே நிறுத்துவது என்று தெரிந்தவன்தான் இதைச் செய்ய வேண்டும்" என்று அவர் சொன்னதாக அண்ணன் மொழிபெயர்த்தார். இன்னும் ஒரு முறை தாங்கும் என்று தோன்றும் உறையில் மிச்சமாவது 30 காசு. தாங்காவிட்டால் போவது கண். அவர் ஐம்பது ஐம்பதாகப் பெட்டியில் பிரித்து, ஒவ்வொரு பெட்டியும் எத்தனை முறை சுடப்பட்டது என்று எழுதி வைத்திருக்கிறார். கணக்குத் தெரியாத உறை அவர் மேசைக்கு வருவதே இல்லை.

ஆயுளைக் கூட்ட வழி இருக்கிறது. அச்சில் அழுத்தும்போது பட்டை வரை தள்ளிவிடாமல், தோளை ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு மட்டும், ஒரு தலைமுடியின் பருமனைவிடக் குறைவாக, பின்னுக்குத் தள்ளினால் போதும். அப்போது தோட்டா பட்டையில் நிற்காமல் தோளில் நிற்கும், நீளுவதற்கு இடமிருக்காது. அந்த ஒரு திருகைச் சரியாக வைக்கக் கற்றவர்களுக்கு நான்கு முறை தாங்கிய உறை எட்டு முறை தாங்குகிறது. கழுத்து இறுகி வெடிக்காமல் இருக்க, சில முறைக்கு ஒருதரம் கழுத்தை மட்டும் தீயில் வாட்டுகிறார்கள். கன்னார் வேலைதான், அளவு சிறியது. அடிப்பாகத்தை மட்டும் சூடாக்கவே கூடாது. அது இளகினால் அழுத்தம் தாங்காது.

இன்னொருவர் சுட்ட பழைய உறைகள் பாதி விலைக்குக் கிடைக்கும். சிறிய ரகங்களில் அது நல்ல வியாபாரம். மேக்னத்தில் நான் நம்பமாட்டேன். வேறொரு துப்பாக்கியின் தாராளமான அறையில் பட்டைக்கு மேலே உப்பிப்போன உறை, சாதாரண அச்சுக்கு எட்டாத இடத்தில் உப்பியிருக்கும். நம் துப்பாக்கிக்குள் போகாமல் முரண்டுபிடிக்கும். பாதி விலைக்கு வாங்கியதில் பாதி குப்பைக்குப் போனால் கணக்கு அங்கேயே நேராகிவிடுகிறது.

புளியும் மழைக்காலமும்

கொட்டகையில் எனக்கு மிகவும் பழக்கமான ஒன்று, கழுவும் வேலை. எலுமிச்சைப் புளிப்பான சிட்ரிக் அமிலத்தை வெந்நீரில் கரைத்து, கரிபடிந்த உறைகளை ஊறப்போட்டிருந்தார். சில நிமிடங்களில் பித்தளை பளிச்சென்று வெளியே வந்தது. அம்மா வெள்ளிக்கிழமை காலையில் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்ப்பதைச் சொன்னேன். அவர் ஆர்வமாகக் கேட்டுக்கொண்டார். புளியிலும் அமிலம்தான், கறுப்பைக் கரைக்கும், பித்தளையைத் தின்னாது.

ஆனால் அமோனியா கலந்த மெருகுத் திரவங்களை அவர் தொடுவதில்லை. அதற்குப் பின்னால் இந்தியக் கதை ஒன்று இருக்கிறது. பிரிட்டிஷ் ராணுவம் இந்தியாவில் வைத்திருந்த தோட்டாக்களின் பித்தளை உறைகள் மழைக்காலத்தில் தாமாகவே விரிசல் விட்டன. யாரும் சுடவில்லை, பெட்டிக்குள் சும்மா கிடந்தவை. பருவத்தில் வரும் விரிசல் என்றே அதற்குப் பெயரிட்டார்கள். தோட்டாக்கள் குதிரை லாயங்களில் வைக்கப்பட்டிருந்தன. குதிரைச் சிறுநீரிலிருந்து எழுந்த அமோனியாவும் மழைக்கால ஈரமும், இழுத்து நீட்டப்பட்டதால் உள்ளுக்குள் இறுக்கத்தோடு இருந்த பித்தளையைப் பிளந்தன. 1921-ல்தான் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் அமோனியாவின் பங்கைத் தெளிவாக விளக்கினார்கள். வார்த்துச் செய்த குத்துவிளக்குக்கு அந்த இறுக்கம் இல்லை என்பதால் நம் வீட்டுப் பூசையறைக்கு ஆபத்தில்லை.

கிடைக்காத காலம்

விலை ஏறுவதைவிடப் பெரிய சிக்கல், பொருளே கிடைக்காமல் போவது. 2020-ல் கொவிட் பரவியபோது அமெரிக்காவில் லட்சக்கணக்கானோர் முதல்முறையாகத் துப்பாக்கி வாங்கினார்கள். அதே ஆண்டு ஜூலையில் ரெமிங்டன் நிறுவனம் நொடித்துப் போனது. தொழிற்சாலைகள் எல்லாம் கைத்துப்பாக்கித் தோட்டாக்கள் செய்வதில் மும்முரமாகிவிட, மேக்னம் உறைகள் அலமாரிகளிலிருந்து மறைந்தன. மூன்று நான்கு காசுக்கு விற்ற பிரைமர் பத்துக் காசையும் தாண்டியது. பழைய விலைக்கு இன்றும் அது முழுதாகத் திரும்பவில்லை. அந்த இரண்டு ஆண்டும் பெரியவர் கடைக்குப் போகவில்லை. வாளியில் இருந்ததை வைத்தே ஓட்டினார்.

உறைகள் எவ்வளவு கவனமாகக் கண்காணிக்கப்படுகின்றன என்பதற்கு இன்னொரு சம்பவம். 2009 மார்ச்சில் அமெரிக்கத் தற்காப்புத் துறை, ராணுவம் சுட்டு முடித்த உறைகளை இனி நசுக்கி உலோகக் கழிவாக மட்டுமே விற்க வேண்டும் என்றது. அதுவரை அவை முழுதாகவே ஏலத்தில் போய், பொதுமக்களுக்கான தோட்டாவாக மறுபிறவி எடுத்துக்கொண்டிருந்தன. எதிர்ப்பு கிளம்பியது. மொன்டானா மாநிலத்தின் செனட்டர்கள் மேக்ஸ் பாக்கஸ், ஜோன் டெஸ்டர் இருவரும் தலையிட்டனர். சில நாள்களிலேயே அந்த முடிவு திரும்பப் பெறப்பட்டது. நசுக்கினால் எடைக்குப் போகும் பித்தளை. நசுக்காவிட்டால் பல மடங்கு விலை. பத்துக் காசு உலோகத்துக்கும் இரண்டு டாலர் உறைக்கும் இடையே உள்ள அந்த இடைவெளியைத்தான் அன்று பாதுகாத்தார்கள்.

இவ்வளவு மெனக்கெடுவது எல்லாருக்கும் தேவையா? இல்லை என்றே நினைக்கிறேன். எல்க் வேட்டைக்குப் போகிறவர் ஒரு பருவத்தில் மலையில் சுடுவது ஒன்றோ இரண்டோ. முந்நூறு கிலோ எடையுள்ள விலங்கு. ஒன்று கிடைத்தால் குளிர்காலம் முழுவதும் குடும்பத்துக்கு இறைச்சி. அதற்கு இருபது தோட்டா உள்ள ஒரு பெட்டி இரண்டு மூன்று ஆண்டுக்கு வரும். அழுத்தி, தராசு, அச்சு என்று தொடக்கச் செலவே 300 முதல் 500 டாலர் ஆகிவிடும்போது, அவர் கடையில் வாங்கிக்கொண்டு போவதுதான் புத்திசாலித்தனம். ஆண்டுக்கு 200 முறையாவது பயிற்சி செய்கிறவருக்குத்தான் ஒன்றரை டாலர் மிச்சம் 300 டாலராகத் திரண்டு வரும். பெரியவர் அந்த ரகம். குறி தவறி அடிபட்ட விலங்கு காட்டுக்குள் ஓடிச் சாவதைவிட, கோடை முழுவதும் காகிதத்தில் சுட்டுப் பழகுவது மேல் என்பது அவர் கட்சி. அதனால்தான் அவருக்குக் காலி உறையின் விலை முக்கியமாகிறது. மலிவாக இருந்தால் நிறையப் பழகலாம்.

நமக்கு இதெல்லாம் வேறு உலகம். மலேசியாவில் தோட்டப்புறங்களில் காட்டுப்பன்றி விரட்ட உரிமம் பெற்ற வேட்டைத் துப்பாக்கி வைத்திருந்தவர்களைப் பெரியவர்கள் நினைவில் வைத்திருக்கலாம். தோட்டாவுக்கும் கணக்குக் காட்டியாக வேண்டும். 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமும் 1971-ஆம் ஆண்டு துப்பாக்கிகள் சட்டமும் விளையாட்டுக்கு இடமளிப்பவை அல்ல. சிங்கப்பூரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். வீட்டில் தோட்டா நிரப்புவதைப் பொழுதுபோக்கு என்று இங்கே யாரும் கனவிலும் நினைக்க முடியாது. நாங்கள் ஓர் உறைக்காகப் புல்லுக்குள் மண்டியிட்டதை அண்ணன் அவரிடம் சொன்னார். கேலி செய்வார் என்று எதிர்பார்த்தேன். "அதுதான் சரி. ஒவ்வொன்றுக்கும் கணக்கு இருக்க வேண்டும்" என்று தலையசைத்தார். அவர் நோட்டும் அதே எண்ணத்தில் எழுதப்பட்டதுதானே.

கிளம்பும்போது, முதலில் என் கையில் வைத்த அதே உறையைத் தேடி எடுத்து, நினைவாக வைத்துக்கொள் என்று கொடுத்தார். நன்றாக மின்னியது. சாங்கி விமான நிலையத்தில் என் பையைத் திறந்து வைத்துக்கொண்டு ஓர் அதிகாரி விளக்கம் கேட்கும் காட்சி கண்முன் வந்தது. வேண்டாம் என்று அண்ணன் மூலம் பக்குவமாகச் சொன்னேன். பெரியவர் துளியும் வருத்தப்படவில்லை. உறையைத் திருப்பி வாங்கி, வெளிச்சத்தில் ஒருமுறை உருட்டிப் பார்த்து வாளியில் போட்டார்.

"நல்லதாகப் போயிற்று" என்றார். "அது இன்னும் மூன்று முறை ஓடும்."